வாயை மூடிச் சாப்பிட ஆசைப்பட்டவள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், உறையைப் பிரித்ததும் உன் கண் அதைத்தான் தேடும். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது. நான் இன்னும் ரொட்டி வண்டிதான் ஓட்டுகிறேன், விடிவதற்கு முன்னால் பேக்கரிக்குப் போய் தட்டுகளை ஏற்றி, கடை கடையாக இறக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். புது வண்டி கொடுத்திருக்கிறார்கள், பின்கதவு மட்டும் பழையதைவிட மோசம், காலால் ஒரு உதை விட்டால்தான் மூடும்.

போனில் நீ கோபித்துக்கொண்டாய். சின்ன ஆபரேஷன், முடிந்துவிட்டது, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்தால் தூரத்தில் இருப்பவள் என்னவென்று நினைப்பது என்று கேட்டாய். கேட்டது நியாயம்தான் அம்மா. ஆனால் இந்த வீட்டில் போனை எடுத்தால் இந்தப் பக்கம் ஒரு காது அந்தப் பக்கம் ஒரு காது என்று இரட்டைப் பேத்திகள் இரண்டும் வந்து ஒட்டிக்கொள்கின்றன, ஒரு குழந்தையின் முகத்தைப் பற்றி அந்தக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இரண்டும் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து முழுக்கதையும் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ கடைசியாக வந்தபோது உன் அண்ணன் பிள்ளைகள் இரண்டும் நடை பழகிக்கொண்டிருந்தன. யார் பெரியகுட்டி யார் சின்னகுட்டி என்று பெற்றவளுக்கே குழப்பம், உன் அண்ணி ஒருத்தியின் கால் கட்டைவிரலில் நகப்பூச்சு வைத்து அடையாளம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நகப்பூச்சுக்கெல்லாம் வேலை இல்லாமல் போய்விட்டது, தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரியும். நாங்கள் அனுப்பும் படங்களில் ஒருத்தி எப்போதும் இன்னொருத்தியின் தோளுக்குப் பின்னால் பாதி முகத்தை மறைத்து நிற்பதை நீ விளையாட்டு என்று நினைத்திருப்பாய், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மூன்று வயதைத் தாண்டிய பிறகு சின்னகுட்டிக்குச் சளி பிடித்தது, விட்டது, பிடித்தது, பிறகு அடைத்த மூக்கு அடைத்தபடியே இருந்துவிட்டது. பெரியகுட்டிக்கும்தான் சளி பிடித்தது, அவளுக்கு வந்த வழியே போய்விடும். இவள் வாயைத் திறந்துவைத்துக்கொண்டே படிப்பாள், வாயைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்குவாள், அந்தச் சின்ன உடம்பிலிருந்து லாரி மேடு ஏறுகிற மாதிரி குறட்டை வரும். போகப்போக முகம் கீழ்நோக்கி நீண்டது, கன்னம் ஒட்டியது, மேலுதடு கொஞ்சம் ஏறி நின்றது, முளைத்த பல் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முளைத்தது, மோவாய் உள்ளே வாங்கிக்கொண்டது, கண்ணுக்கடியில் எப்போதும் தூக்கம் கெட்டவள் மாதிரி ஒரு கருமை. உன் அம்மா இது என் பக்கத்து முகம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். நல்ல விஷயம் எதுவும் இதுவரை என் பக்கத்திலிருந்து வந்ததாக இந்த வீட்டில் சரித்திரமே இல்லை, உனக்குத் தெரியாததா.

வகுப்பில் கண் சொருகுகிறது என்று டீச்சர் சொல்லியனுப்பினார். சாப்பாட்டில் ஆமை என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். வீட்டில் நாங்களும் ஆளுக்கொரு முறை வாயை மூடு, வாயை மூடு என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், அவளும் மூடுவாள், கொஞ்ச நேரத்தில் தானாகத் திறந்துகொள்ளும். உன் அண்ணி மருந்துக்கடை கவுன்டரில் வேலை பார்க்கிறவள், சும்மாவா இருப்பாள், அவ்வப்போது சொட்டு மருந்து விடுவாள், அப்போதைக்குக் கொஞ்சம் திறக்கும், மறுபடி அடைக்கும். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள் பள்ளியில் ஒரு நாடகம் வந்தது. கண்ணாடியில் தெரிகிற பிம்பம் ஒரு நாள் சொன்னபடி கேட்காமல் தன்னிஷ்டத்துக்கு ஆட ஆரம்பிக்கிறது என்று கதை. இரட்டையர் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவார்கள், நம் வீட்டுப் பிள்ளைகளைத்தான் பிடித்தார்கள். இரண்டும் கூடத்தில் நடுவே நின்று ஒருத்தி தலை சீவ இன்னொருத்தி தலை சீவ, ஒருத்தி தும்ம இன்னொருத்தி தும்ம என்று வீட்டையே கூத்துமேடை ஆக்கின. ஒத்திகை நன்றாகத்தான் போனது. உடை போட்டு, விளக்கு போட்டுப் பார்த்த நாளில் நாடக டீச்சருக்கு மனசு மாறிவிட்டது. சின்னப் பெண், கெட்டவள் இல்லை, கேட்டில் உன் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு, விளக்கு வெளிச்சத்தில் முகம் இரண்டும் வேறு வேறாகத் தெரிகிறது, சின்னவளுக்கு வேறு ஒரு நல்ல வேஷம் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பெரியகுட்டி இதைக் கேட்டுவிட்டது. அவ இல்லன்னா நானும் இல்ல என்று தலையிலிருந்த நாடகக் கிரீடத்தைக் கழற்றி டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். சின்னகுட்டி அழவில்லை, வரும் வழி முழுவதும் நீ போய் நடி, நீ போய் நடி என்று அக்காவைத்தான் சமாதானம் செய்துகொண்டு வந்தாளாம். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தது உன் அண்ணி. பார்த்தவள் மறுநாளே கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், கம்பி போட்டுப் பல்லை நேராக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பில். துணைக்கு நானும் பெரியகுட்டியும் போனோம்.

அந்த டாக்டர் அம்மா நடுவயது, பேச்சில் அவசரமே இல்லாதவர். பல்லைப் பார்த்தார், மேலண்ணத்தைப் பார்த்தார், பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஒரு வாய் எடுத்து விழுங்காமல் உதட்டை மூடி வைத்துக்கொள் என்றார். விளையாட்டு என்று நினைத்து சின்னகுட்டி சிரித்துக்கொண்டே செய்தாள். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, முகம் சிவந்து, கண் பிதுங்கி, தண்ணீரைத் துப்பிவிட்டு மூச்சு வாங்கினாள். பெரியகுட்டியும் அதையே செய்தாள், தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள், போதும் விழுங்கு என்று நாங்கள் சொல்ல வேண்டியதாகிவிட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார், "பல்லு காத்திருக்கும்மா. முதல்ல மூக்கைப் பாருங்க. இவ வாயைத் திறந்து வெச்சிருக்கறது பழக்கதோஷம் இல்ல, மூச்சுக்கு வேற வழி இல்லாமதான்." பிறகு இரண்டு பேரையும் அடுத்தடுத்து நாற்காலியில் உட்காரவைத்து எங்களுக்கே காட்டினார். பெரியவளின் மேலண்ணம் அகலமாக, கரண்டிக் குழி மாதிரி இருந்தது, சின்னவளுடையது குறுகலாக, குகை மாதிரி உயரமாக ஏறிக் கிடந்தது. மூக்கால் மூச்சு விடுகிறவர்களுக்கு வாய் மூடியிருக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியபடி இருக்கும், வளருகிற வயதில் மேல்தாடை அகலமாவதற்கு அந்த நாக்கின் தாங்கல் ஒரு துணையாம். வாயால் மூச்சு விடும்போது நாக்கு கீழே இறங்கிவிடுகிறது, உள்ளிருந்து தாங்க ஆள் இல்லை, வெளியிலிருந்து கன்னம் அழுத்துகிறது, மேல்தாடை குறுகிப் பல்லுக்கு இடம் பற்றாமல் போகிறது, கீழ்த்தாடை தொங்கித் தொங்கி முகம் நீளமாக வளருகிறது. நீளமான முகம் எல்லாமே இப்படி வந்தது இல்லை, பிறவியிலும் வரும், ஆனால் இந்த இரண்டு பேருக்கும் பிறவி ஒன்று, மூச்சு வேறு, அதனால்தான் எனக்குச் சந்தேகம் மூக்கின் மேல் என்றார். உன் அம்மாவின் தீர்ப்பு அங்கே அடிபட்டுப்போனதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், ஆனால் அதை அனுபவிக்கிற நிலைமையில் நான் இல்லை.

அங்கிருந்து காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். அவர் படம் எடுத்துப் பார்த்து, மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்குகிற இடத்தில் சதை வளர்ந்து வழியை ஏறக்குறைய அடைத்திருக்கிறது, அடினாய்டு என்பார்கள், சில பிள்ளைகளுக்கு வயது ஏறஏறத் தானே சுருங்கும், இவளுக்கு இருக்கிற அளவுக்கும் தூக்கம் கெடுகிற விதத்துக்கும் காத்திருக்காமல் எடுத்துவிடலாம் என்றார். உன் அண்ணி முதலில் கேட்ட கேள்வி, நான் விட்ட சொட்டு மருந்தாலா என்பதுதான். இல்லை, அதனால் இந்தச் சதை வளராது, ஏன் ஒருத்திக்கு வந்து இன்னொருத்திக்கு வரவில்லை என்று என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். அண்ணிக்கு மனசு ஆறவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள், "தினம் நூறு பேருக்கு மருந்து எடுத்துக் குடுக்கறேன் மாமா, என் பிள்ளைக்கு மூச்சு வரலன்னு எனக்குத் தெரியலையே" என்று சொல்லி அழுதாள். ஏறி இறங்குகிறவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். எந்தத் தாய்க்கும் பிள்ளையின் முகம் தினம் தினம் பார்க்கிற முகம், ஒரு நாளில் மாறினால் அல்லவா தெரியும், மெல்ல மெல்ல மாறுவது எப்படிம்மா தெரியும் என்றேன். பெரியகுட்டி தன் பையிலிருந்து கசங்கிய ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டியது.

உன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கடைப்புக்கு ஆபரேஷனா, மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்க வேண்டுமா, அழகுக்காகப் பிள்ளையைக் கத்தியில் போடுவதா என்று அவன் கேட்டான். அது முரட்டுத்தனம் இல்லை, பயம். குளிர்கிடங்கில் அவனோடு மூட்டை அடுக்குகிற ஒருவனின் அப்பா ஏதோ ஆபரேஷனுக்குப் போனவர் கண் திறக்கவே இல்லையாம், அது இவன் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்தினார்கள். உப்பு வேண்டும் என்றால்கூட என்னிடம் சொல்லி நான் அவளிடம் சொல்லி, இந்த வயதில் எனக்குத் தபால்காரர் உத்தியோகம். அந்த நாட்களில் ஒரு விடுமுறை நாள், கடைகளுக்கு இறக்கி முடித்த பிறகு சின்னகுட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நிழலில் நிறுத்தி, மிச்சமிருந்த பன்னில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அவள் சாப்பிடுவதைக் கவனித்துப் பார்த்தேன். ஒரு கடி, ரெண்டு மெல்லு, நிறுத்தி வாயைத் திறந்து மூச்சு, மறுபடி மெல்லு. நீச்சலடிக்கிறவன் தலையைத் தூக்கித் தூக்கி மூச்சு எடுப்பது போல இருந்தது. அவளாகவே கேட்டாள், "தாத்தா, அந்த ஆபரேஷன் பண்ணா வாயை மூடிட்டே சாப்பிட முடியுமா?" முடியும் என்றுதான் டாக்டர் சொல்கிறார் என்றேன். முகம் அக்கா மாதிரியே ஆகிவிடுமா என்றும் கேட்பாள் என்று நினைத்து, அதற்கு என்ன பதில் சொல்வதென்று தயாராகிக்கொண்டிருந்தேன், அவள் அதைக் கேட்கவே இல்லை. அவள் சொன்னது வேறு. மதிய மணி அடித்தால் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விடுகிறார்களாம், இவள் டப்பாவில் பாதி இருக்கும்போதே மறுமணி அடித்துவிடுமாம், பெரியகுட்டி மட்டும் துணைக்கு உட்கார்ந்திருக்குமாம். "நான் முடிச்சாதான் அவளும் விளையாடப் போக முடியும்" என்றாள். நாங்கள் பெரியவர்கள் எல்லாரும் அவள் முகத்துக்காக அழுதுகொண்டிருக்கிறோம், அவளுக்கு வேண்டியிருந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் ஓடி விளையாடுவதற்கு நேரம். வீட்டுக்கு வந்து இதை உன் அண்ணனிடம் சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், மருந்துக்கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம், எந்த நாள் என்று கேட்டான். அவ்வளவுதான், பேச்சு வந்துவிட்டது, எனக்குத் தபால் வேலையும் போய்விட்டது.

ஆபரேஷன் அன்று அவன் நேராக வேலையிலிருந்து வந்தான், குளிர்கிடங்கில் போடுகிற அந்தத் தடித்த ஜாக்கெட்டோடு, வேர்த்துக் கொட்டுவதுகூடத் தெரியாமல் வராந்தாவில் நின்றான். கழற்றுடா என்று யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்க மாட்டான். கதவு வரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது அவன்தான். நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை. வெளியே கொண்டுவந்தபோது தொண்டை வலிக்கிறது என்று சிணுங்கினாள், ஐஸ்கிரீம் உண்டா என்று கேட்டாள், அப்போதுதான் அவன் ஜாக்கெட்டைக் கழற்றினான். கொஞ்ச நாளைக்குக் குரல் மட்டும் மூக்கில் பேசுகிற மாதிரி மாறியிருந்தது, டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், தானாகச் சரியாகிவிட்டது. தேறி எழுந்த பிறகு ஒரு காலை நான் வண்டி விட்டு வந்ததும் மடியில் ஏறி உட்கார்ந்தவள் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்க மேல ரொட்டி வாசனை வருது தாத்தா" என்றாள், ஏதோ என் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி. இத்தனை வருஷமாக இந்த மடியில்தான் வளர்ந்தாள். இந்த வாசனை அன்றைக்குத்தான் அவள் மூக்குக்கு எட்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு மதியம் இரண்டும் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன, உன் அண்ணி அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். ஒன்றும் இல்லை. குறட்டைச் சத்தம் கேட்கவில்லை, அதுதான். சின்னகுட்டி உதடு மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி அந்த மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துப் போனது, அதைத்தான் அன்றைக்கு எல்லாரும் சாப்பிட்டோம், உன் அம்மா உட்பட யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் மூக்கு திறந்ததும் எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். விழித்திருக்கும்போது வாய் பழைய பழக்கத்தில் திறந்தேதான் கிடந்தது. அதற்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள், படம் வரையும்போதும் புத்தகம் பார்க்கும்போதும் ஒரு சின்னக் காகிதத் துண்டை உதட்டுக்கு நடுவே வைத்து விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அவளுக்குத் துணையாகப் பெரியகுட்டி ஒரு துண்டு வைத்துக்கொண்டது, பிறகு அண்ணி, பிறகு அண்ணன், பிறகு நான். கடைசியில் உன் அம்மாவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். நம் வீட்டுக் கடிகாரம் இவ்வளவு சத்தமாக ஓடுமென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, குடும்பத்தோடு ஏதாவது வேண்டுதலா என்று கேட்டுவிட்டுப் போனார், பதில் சொல்லத்தான் யாருக்கும் வாய் இல்லை. இப்போது மேல்தாடையை விரிக்க அண்ணத்தில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருக்கிறார்கள், தினமும் சிறு சாவியால் கொஞ்சம் திருப்ப வேண்டும். அண்ணி திருப்புகிறாள், பெரியகுட்டி டார்ச் அடிக்கிறது, அண்ணன் அடுத்த அறையில் போய் நின்றுகொள்கிறான். முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்ததைப் பார்த்து நாங்கள் பதறிப்போனோம், டாக்டர் அம்மா சிரித்துவிட்டு, இடம் உண்டாகிறது, அதுதான் வேண்டும், பிறகு மூடிக்கொள்ளும் என்றார். முகம் முழுக்க அக்கா மாதிரி ஆகிவிடுமா என்று உன் அண்ணிதான் கேட்டாள். அவர் பூசி மெழுகவில்லை, வளருகிற வயது மிச்சம் இருக்கிறது, இனி போகிற வளர்ச்சி நல்ல பக்கம் போகும் என்று நம்பலாம், நடந்த வளர்ச்சியை முழுக்கத் திருப்ப முடியாது, தாடையை வளர்ந்து முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்றார். கேட்டவள் கண் கலங்கியது, ஆனால் தலையாட்டிக்கொண்டாள். நாடகம் நம் பிள்ளைகள் இல்லாமலேயே நடந்தது, வேறு இரண்டு பெண்கள், ஒருத்தி இன்னொருத்தியைவிட ஒரு தலை உயரம், சபை கைதட்டத்தான் செய்தது, நம் இரண்டும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தன. டீச்சர் வந்து சின்னகுட்டி பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்து ஏதோ சொன்னாள், என்ன என்று கேட்டதற்கு அது எங்க ரெண்டு பேருக்குள்ள என்று சின்னகுட்டி சொல்லிவிட்டாள்.

இப்போது மதிய டப்பா காலியாக வருகிறது. முழங்காலில் சிராய்ப்போடும் வருகிறது.

நீ வரும்போது இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி வைத்து, ஐயோ எப்படி மாறிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே, உனக்கு மனசில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும், அதனால்தான் இப்போதே எழுதிவைக்கிறேன், நீ திகைப்பதை எல்லாம் அங்கேயே திகைத்து முடித்துவிட்டு வா. அண்ணிக்கு ஒரு போன் போட்டு நீ நல்லா பார்த்துக்கிட்ட அண்ணி என்று சொல், நாங்கள் சொன்னால் அவளுக்கு ஒட்டுவதில்லை. உன் மேலதிகாரி தொல்லை குறைந்ததா, மாப்பிள்ளைக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது, இரண்டையும் மறக்காமல் எழுது. குளிர் என்று ஜன்னலையே திறக்காமல் இருக்காதே, பகலில் கொஞ்ச நேரமாவது காற்று வரட்டும். வேளைக்குச் சாப்பாடும், படுத்தால் தூக்கமும், தடையில்லாத மூச்சும், சிரிக்க இரண்டு விஷயமும் உங்கள் இருவருக்கும் என்றைக்கும் குறையாமல் இருக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம், அம்மாவுடையதும் இதுதான், கூடவே இன்னும் நிறைய இருக்கிறதாம், நேரில் சொல்லிக்கொள்கிறாளாம்.

ஒன்றை மறந்துவிடாதே. வருஷா வருஷம் நீ இரண்டுக்கும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி கவுன் அனுப்புவாய். இந்த முறை அப்படி வேண்டாமாம், உன்னிடம் சொல்லச் சொல்லிச் சின்னகுட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பெரியகுட்டிக்கு எப்போதும் போல நீல கவுன். தனக்குக் கவுன் வேண்டாம், ஓடுகிறதுக்கு நல்ல ஷூ வேண்டுமாம், சிவப்பாக, அக்காவிடம் இல்லாத மாதிரி.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா